ஏரி மட்டம்

மட்டம் பார்க்கும் டியூப்பின் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்க வேண்டும். அந்த நம்பிக்கையில்தான் கொத்தனார் இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் வீடு கட்டிக்கொடுத்தார். இன்று தன் சொந்த வீட்டுக்குத் தரை போட மட்டம் பார்க்கிறார். வாசலில் அவர் பிடித்திருந்த முனையில் தண்ணீர் முழங்கால் உயரம். உள்ளறையில் மனைவி பிடித்திருந்த முனையில் இடுப்புயரம்.

"காத்து அடைச்சிருக்கும். ரெண்டு தட்டு தட்டு. அதுவும் உன்னை மாதிரிதான், சொன்ன பேச்சு கேக்காது."

"கிண்டலுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை. தட்டிட்டேங்க. இப்ப நெஞ்சு வரைக்கும் வந்திருக்கு."

அவர் தன் முனையைப் பார்த்தார். அதே முழங்கால் உயரம்தான்.

இது ஏரியாக இருந்த இடம். மண்ணைக் கொட்டி மூடிப் பன்னிரண்டு வருஷம் ஆகியும், ஊர்க்காரர்கள் கடைக்குப் போவதைக் கரையேறிப் போவதாகத்தான் சொன்னார்கள்; தெருக்களும் பழைய கரையை ஒட்டியே வளைந்து போயின; உள்ளே மட்டும் யாரும் குடிவரவில்லை. தண்ணியே இல்லாத இடத்தில் என்ன பயம் என்று சிரித்துக்கொண்டே மனையை வாங்கியவர் இவர்தான். அவளுக்கு மனசே இல்லை.

வெளியே உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது, ஆனால் உள்ளறையிலிருந்து சில்லென்று பாசி வாடை வந்தது, பூசாத சுவரில் வெளிச்சம் நெளிந்து நெளிந்து ஓடியது, காதை அடைத்துக்கொண்டு கேட்பதுபோல எல்லாச் சத்தமும் மங்கிப்போனது.

"போதும். கீழ போட்டுட்டு வெளிய வா."

"கழுத்துக்கு வந்துடுச்சுங்க. காலை எடுக்க முடியலை."

"விளையாடாதே!"

"ஏங்க..."

அதற்கு மேல் பேச்சு வரவில்லை. கொப்பளிக்கும் சத்தம் மட்டும்.

ஓடினார். தரையில் ஈரமில்லை. சிமெண்ட் தூசி கலையாமல் கிடந்தது. அதில் அவளுடைய இரண்டு காலடித் தடங்கள். அவள் இல்லை.

டியூப் மேலே போயிருந்தது. நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தார்.

கூரையை ஒட்டி அவள் மிதந்துகொண்டிருந்தாள். குப்புற. புடவையில் ஒரு சொட்டு ஈரமில்லை. கூந்தல் விரிந்து மெல்ல அசைந்தது. கண்கள் திறந்திருந்தன.

அவள் பெயரைச் சொல்லிக் கத்த வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. அவர் வாயிலிருந்து குமிழிகள் கிளம்பி, ஒவ்வொன்றாக மேலேறி, அவள் முகத்தில் போய் முட்டின.