முப்பத்தொன்பது வேப்பிலைக் கொத்துகள்

காலை ஏழு மணிக்கு ஆவுடையப்பனின் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த செவிப்பொட்டு தொண்டையைச் செருமிக்கொண்டு பேசியது.

"நீலக் கொப்புளத்தால் நேற்று மாவட்டத்தில் இறந்தவர்கள் இரண்டு பேர். கடற்கரை திறந்திருக்கிறது. அஞ்ச வேண்டியதில்லை. தாராளமாக வெளியே போய் வாருங்கள்."

"போவேன், போவேன்," என்று முணுமுணுத்தபடி ஆவுடையப்பன் கதவின் மேல் தாழ்ப்பாளையும் போட்டார்.

செவிப்பொட்டு குங்குமப் பொட்டைவிடச் சற்றே பெரியது. ஊரில் அது இல்லாத காது இல்லை. மூன்று வருடங்களுக்கு முன் அந்த நீலக் கொப்புளத் தீநுண்மி முதல் தடவை வந்தபோது தொலைக்காட்சியில் எல்லாருக்கும் ஒரே சாவு எண்ணைச் சொன்னார்கள். பாதிப் பேர் நம்பவில்லை; அதன் பிறகுதான் காதுக்குக் காது பொட்டு வந்தது. நம்பியவர்களில் ஒருவர் ஆவுடையப்பனின் தம்பி சுடலைமுத்து. 'நிலைமை கட்டுக்குள் இருக்கிறது' என்று அதிகாரிகள் சொன்ன அன்று கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனவர், ஒன்பதாம் நாள் பிளாஸ்டிக் உறைக்குள் திரும்பி வந்தார். முகத்தைக்கூடக் காட்டவில்லை. அன்றிலிருந்து அரசாங்கம் கிழக்கு என்றால் ஆவுடையப்பன் மேற்கே பார்ப்பார்.

ஏற்கெனவே சந்தேகப் பிராணிதான். முப்பத்தொரு வருடம் உப்பு லாரிகளை எடை போடும் எடைமேடையில் உட்கார்ந்தவர். காலி லாரியை முதலில் எடை போடாமல் சரக்கு லாரியை மேடையில் ஏற விட்டதே கிடையாது. ஓட்டுநர்கள் அவரைக் கண்டாலே பெருமூச்சு விடுவார்கள்.

இப்போது அந்த நுண்மி மறுபடி வந்திருந்தது, மகள் வடிவு நிறைமாதமாக இருக்கும் நேரம் பார்த்து. மாப்பிள்ளை கப்பலில் வேலை. கரையிறங்க அனுமதி இல்லை. பிள்ளைத்தாய்ச்சியைப் பார்க்கிறேன் என்று பலகாரத்தோடு வரிசையாக வந்த சொந்தக்காரர்களைத் தடுக்கத்தான் பதினோரு நாட்களுக்கு முன் ஆவுடையப்பன் வாசலில் ஒரு வேப்பிலைக் கொத்தைக் கட்டினார். அம்மை கண்ட வீட்டுக்குள் யார் வருவார்கள்? அதன் பிறகு ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. தன் சாமர்த்தியத்தை அவரே மெச்சிக்கொண்டார்.

தம்பி போன பிறகு அந்த வீட்டில் நோயைப் பற்றிப் பேசக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. சட்டம் போட்டவர் ஆவுடையப்பன்தான். அதனால் அங்கே மூன்று காதுகள் மூன்று விதமாகக் கேட்டுக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாமலே போயிற்று. அன்று இட்லியை எடுத்து வைக்கும்போது மனைவி கோமதிதான் சட்டத்தை மீறினாள்.

"ஏங்க, ஆயிரத்து நானூறு பேரு செத்திருக்காவன்னு காதுல சொல்லுது. இதுல பிள்ளைய ஆசுபத்திரிக்கு எப்படிக் கூட்டிட்டுப் போக?"

"ஆயிரத்து நானூறா? ரெண்டுன்னுல்லா சொன்னான்."

இருவரும் மகளைப் பார்த்தார்கள். வடிவு வயிற்றைத் தடவியபடி, "எனக்கு எண்ணே சொல்லலப்பா. வயித்துப் பிள்ளைக்காரிக்கு இந்த நோய் வராது, நிம்மதியா தூங்குன்னு சொல்லிச்சு," என்றாள்.

ஒரே லாரிக்கு மூன்று எடை. மேடை பழுது, இல்லையென்றால் யாரோ மேடையில் கால் வைத்திருக்கிறார்கள். ஆவுடையப்பன் இட்லித் தட்டைத் தள்ளி வைத்தார். வடிவின் வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வலி கண்டதும் அறுவை செய்தே ஆக வேண்டும் என்று போன மாதமே மருத்துவர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியில் நோய் இருந்தால் கூட்டிப் போவது ஆபத்து. இல்லாவிட்டால் வீட்டில் வைத்திருப்பது ஆபத்து. எது என்று தெரியாமல் இரண்டு உயிரை எந்தப் பக்கம் ஏற்றுவது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

பத்து மணிக்குச் சுகாதார ஆய்வாளர் பனிமயம் வந்து வாசல் கதவுக்கு வெளியே நின்றாள். தெருவில் எல்லாருக்கும் வேண்டியவள். ஆவுடையப்பன் அவளை விடுவதாக இல்லை. மூன்று காதும் கேட்டதைச் சொல்லி, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அதற்குக் கேட்காதபடி காதுப் பொட்டின் மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"வெளிய சொல்லிராதீக அண்ணாச்சி, வேலை போயிரும். இசைவின்னு ஒரு எந்திரம் இருக்கு. அதுதான் எல்லாக் காதுலயும் பேசுது. ஆளுக்குத் தக்கன பேசும். எந்த எண்ணைச் சொன்னா எந்த ஆளு ஒழுங்கா நடப்பாருன்னு அதுக்குத் தெரியும். அக்காவுக்குப் பயங்காட்டுனா வீட்டுல இருப்பாவ. வடிவுக்குப் பயங்காட்டுனா ரத்தக் கொதிப்பு ஏறும், அதனால தாலாட்டுது."

"எனக்கு?"

பனிமயம் தயங்கினாள். "வெளிய போங்கன்னு சொன்னாத்தான் நீங்க கதவைச் சாத்துவீக. இந்த வட்டாரத்துலயே ஒழுங்கா வீட்டுல இருக்க ஆளுன்னு எங்க பட்டியல்ல நீங்கதான் முதல் பேரு."

பதினோரு நாளாக அரசாங்கத்தின் கண்ணில் மண்ணைத் தூவுவதாக நினைத்துக்கொண்டிருந்த மனிதருக்குக் காது மடல் வரை சிவந்தது. கோபமா வெட்கமா என்று அவருக்கே தெரியவில்லை. தன்னுடைய அவநம்பிக்கை ஒன்றாவது தனக்குச் சொந்தம் என்று இத்தனை நாள் இருந்தார். அதையும் எடுத்துத் தங்கள் வண்டியில் பூட்டிவிட்டார்கள்.

"சரி, போகட்டும். நெசமா எத்தனை பேரு?"

"எனக்கு எப்படித் தெரியும்? என் காதுல இருபதுன்னு சொல்லுது. இருபதுன்னாத்தான் நான் பயந்து லீவும் போடாம, அலட்சியமாவும் இல்லாம தினம் நாலு தெரு சுத்துவேன்."

"கலெக்டருக்குத் தெரியுமா?"

"அவுக காதுலயும் பொட்டு இருக்கு அண்ணாச்சி."

ஆவுடையப்பன் தன் பொட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு, "அந்த எந்திரத்துக்காவது எங்கிருந்தாவது ஒரு நெசம் கிடைக்கணும்லா? காலி எடை இல்லாம எப்படிக் கணக்குப் பண்ணும்?" என்றார்.

"வீடு வீடா கேட்டா சனங்க மறைக்காவ, தூக்கிட்டுப் போயிருவோம்னு. அதான் வேப்பிலைய எண்ணுது." பனிமயம் வானத்தைக் காட்டினாள். தெருவுக்கு மேலே தட்டான் பூச்சி மாதிரி, பறந்தபடியே படம் பிடிக்கும் ஒரு வானவிழி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. "வாசல்ல கட்டுன கொத்தையெல்லாம் அது எண்ணிட்டுப் போகும். சர்க்காருகிட்ட பொய் சொன்னாலும் அம்மனுக்கு முன்னால யாரும் பொய்யா வேப்பிலை கட்ட மாட்டாவன்னு அதுக்குப் படிச்சுக் கொடுத்திருக்காவ."

ஆவுடையப்பனுக்குச் சற்றுத் தெம்பு வந்தது. ஏனென்றால் அவரும் அதையேதான் செய்துகொண்டிருந்தார். தினமும் சாயங்காலம் மொட்டை மாடியிலிருந்து தங்கள் பண்டகசாலைத் தெருவின் வேப்பிலை வாசல்களை எண்ணுவார். அவர் கொத்து கட்டிய மூன்றாம் நாள் நான்கு. ஏழாம் நாள் பத்தொன்பது. நேற்று, நாற்பத்துமூன்று வீட்டில் முப்பத்தொன்பது. எதிர்வீட்டு அந்தோணிப்பிச்சைகூடச் சிலுவைக்குப் பக்கத்தில் ஒரு கொத்து தொங்கவிட்டிருந்தான்.

"அப்போ தெருவே விழுந்து கிடக்கு. ஆசுபத்திரி பூரா நம்ம தெரு ஆளாத்தான் இருக்கும். வடிவ அங்க கொண்டு போகக் கூடாது."

"முதல்ல விழுந்தது உங்க வீடுதானே அண்ணாச்சி. அதைக் கேக்கத்தான் வந்தேன். யாருக்கு?"

"எங்க வீட்டுல யாருக்கும் இல்ல. விருந்தாளி வரக் கூடாதுன்னு கட்டுனேன்."

பனிமயம் அவர் வாசல் கொத்தையும் எதிர்வரிசைக் கொத்துகளையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வை ஆவுடையப்பனுக்குப் பிடிக்கவில்லை. தெருவைத் தாண்டிக் குரல் கொடுத்தார்.

"ஏ அந்தோணி, உங்க வீட்டுல யாருக்குடே?"

அந்தோணிப்பிச்சை ஜன்னலில் தலையை நீட்டினான். "ஒருத்தருக்கும் இல்ல அண்ணாச்சி. சர்க்காரு சொல்லுதத எதையும் நம்பாத மனுசன் நீங்க. நீங்களே கட்டியிருக்கீக, அப்ப விசயம் பெருசுதான் போலன்னு, எதுக்கும் இருக்கட்டும்னு நானும் கட்டுனேன். என்னைப் பாத்து மேல வீட்டுக்காரவ கட்டுனாவ."

ஆவுடையப்பன் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். முப்பத்தொன்பதிலிருந்து எத்தனையைக் கழிப்பது? எல்லாவற்றையுமா? பத்தை மட்டுமா? சில வீடுகளில் நிஜமாகவே நோய் இருக்கலாம். அது எந்த வீடு? மாடியிலிருந்து தினமும் எண்ணியதெல்லாம் தன் கொத்தைத்தானா? மேடையில் கால் வைத்தவனைத் தேடிக்கொண்டிருந்தவர் குனிந்து தன் காலையே பார்த்தார்.

உள்ளேயிருந்து வடிவு, "அம்மா," என்றாள். இரண்டாவது முறை அது அலறலாக வந்தது.

பிறகு யோசிக்க எதுவும் இல்லை. பனிமயத்தின் துறை வண்டியிலேயே வடிவை ஏற்றினார்கள். கடலோரப் பிரசவ மருத்துவமனையின் வாசலில் புதுப் பலகை வைத்திருந்தார்கள். பிரசவப் பிரிவு அறுபது கிலோமீட்டர் தள்ளி மாற்றப்பட்டிருக்கிறது என்றது பலகை. அதன் கீழே, 'இங்கே பண்டகசாலைத் தெரு நோயாளிகள் மட்டும்' என்று இருந்தது.

உள்ளே நாற்பது கட்டில்கள். நாற்பதிலும் சுருக்கம் விழாத வெள்ளை விரிப்பு. ஒரு தலையணையிலும் தலை வைத்த தடம் இல்லை. தலை முதல் கால் வரை உறை போட்ட இளம் மருத்துவர் ஒருத்தி எழுந்து ஓடி வந்தாள். அவளும் பிரசவம் பார்ப்பவள்தான். கொப்புள நோய்ப் பணிக்கு மாற்றியிருந்தார்கள். அறுபது கிலோமீட்டர் போக நேரமில்லை என்று வயிற்றில் கை வைத்ததுமே சொல்லிவிட்டாள். ஆனால் மயக்க மருந்து கொடுப்பவர் அந்த அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தார். அவர் வந்து சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரமும் மகளின் சத்தத்தைக் கேட்டபடி ஆவுடையப்பன் சுவரைப் பார்த்து நின்றார். அந்த வேப்பிலையை எந்த மரத்தில், எந்தக் கிளையில் ஒடித்தோம் என்பதுகூட நினைவுக்கு வந்தது.

பெண் குழந்தை. பிறந்ததும் அழவில்லை. நான்கு நிமிடம் கழித்துத்தான் அழுதது. வடிவு பிழைத்துக்கொண்டாள். கோமதி தரையில் உட்கார்ந்து தேம்பினாள்.

மருத்துவர் வெளியே வந்தபோது ஆவுடையப்பன் கையைக் கூப்பினார். "அம்மா, ஒரு விசயம். எங்க தெருவுல நோய் இருக்கான்னே தெரியாது. முதல் வேப்பிலை நான் சும்மா கட்டுனது. மத்தவங்க என்னைப் பாத்துக் கட்டுனாவ. என் மக உடம்புல ஒரு கொப்புளம் கிடையாது. பிள்ளைய அவகிட்டக் கொடுத்திருங்க."

மருத்துவர் தன் காதுப் பொட்டைத் தொட்டுக்கொண்டாள். களைத்திருந்தாள். "காலையிலேயே சொல்லிடுச்சு ஐயா. பண்டகசாலைத் தெருக்காரங்க, 'எங்களுக்கு நோய் இல்லை, சும்மாதான் கட்டினோம்'னு சொல்வாங்க, நம்பாதீங்கன்னு. தாயும் குழந்தையும் பதினாலு நாள் தனித்தனியா இருக்கணும்."

"நான் சொல்லுதது நெசம்மா. கட்டிலைப் பாருங்க, ஒருத்தராவது வந்திருக்காவளா?"

"மறைச்சா எப்படி வருவாங்க?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீங்க சொல்றது உண்மையாவும் இருக்கலாம். நான் யாரை நம்பறது, நீங்களே சொல்லுங்க," என்றாள்.

அவள் அதைக் கேலியாகக் கேட்கவில்லை. அதே கேள்வியை மூன்று வருடமாக ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர் ஆவுடையப்பன்தான். 

குழந்தையைக் கண்ணாடி அறையில் படுக்க வைத்தார்கள். சற்று நேரத்தில் ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் ஸ்டூல் போட்டு ஏறி அந்த அறைக் கதவில் ஒரு வேப்பிலைக் கொத்தைக் கட்டிவிட்டுப் போனார். ஆவுடையப்பன் விறுவிறுவென்று போய் அதைப் பிடித்தார். இழுத்தால் வந்துவிடும். ஒரு பொய்யாவது குறையும்.

அப்போது வராந்தாவின் மறுகோடியில் பேச்சுச் சத்தம் கேட்டது. கோமதியின் பிறந்தகத்துக் கூட்டம், எட்டுப் பேர், சேதி கேட்டுப் பிளாஸ்க்கும் பழப் பையுமாக வந்துகொண்டிருந்தார்கள். எத்தனை பேருந்து மாறி வந்தார்களோ, யார் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்களோ. முன்னால் வந்தவள் கதவிலிருந்த கொத்தைப் பார்த்தாள். நின்றாள். கூட்டம் அப்படியே பழப் பையை ஒரு பெஞ்சில் வைத்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

ஆவுடையப்பன் கையை எடுத்தார். அவிழ்ந்திருந்த முடிச்சை இறுக்கிவிட்டார். ஜன்னலுக்கு வெளியே வானவிழி ஒரு நொடி நின்று பார்த்துவிட்டு நகர்ந்தது.

அவர் காதில் பொட்டு செருமியது. "உங்கள் பேத்தி நலமாக இருக்கிறாள். நோய் எதுவும் இல்லை. கவலைப்படாமல் வீட்டுக்குப் போகலாம்."

அவர் போகவில்லை. குழந்தை நலமாக இருப்பதால் சொல்கிறதா, அவர் இங்கிருந்து நகராமல் இருக்க வேண்டும் என்று சொல்கிறதா, அவருக்குப் புரியவில்லை. அதனிடம் கேட்கவும் முடியாது. காதையும் வாயையும் விட்டுவிட்டுக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வோம் என்று கண்ணாடியில் நெற்றியை அழுத்திக் குனிந்தார்.

குழந்தை கையை மடக்கி ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் காதுக்குப் பின்னால் கடுகளவில் ஒரு பொட்டு ஒட்டியிருந்தார்கள்.