மூன்றாவது வளைவில் பட்டாணி

பட்டாணியின் அம்மா சைக்கிள் பந்தய வீராங்கனை. அதுதான் அவருடைய வேலை. சமதளத்தில் அம்மாவைவிட வேகமாக ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் சாலை மலைமேல் ஏறத் தொடங்கிவிட்டால் அவரைப் பிடிக்க ஆளில்லை. அதனால் குழுவில் அவருக்கு வைத்த பெயர் 'பல்லி'.

அதற்கு முன்பு அம்மா ஒரு பேக்கரியில் வேலை பார்த்தார். வீடு வீடாக ரொட்டி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஒருநாள் பந்தயக்காரர்கள் சிலர் ஒரு மேட்டில் மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருந்தார்கள். ரொட்டிக் கூடையோடு அம்மா அவர்களை முந்திக்கொண்டு போய்விட்டார். "யாரும்மா நீ? கொஞ்சம் நில்லு!" என்று பயிற்சியாளர் பின்னாலேயே ஓடிவந்தார். அது நடந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது.

அம்மா ஏறும்போது பட்டாணிக்குப் பயமே கிடையாது. ஏறியவர் இறங்க வேண்டுமே, அதுதான் பயம். போன வருடம் இதே மலையின் இறக்கத்தில் அம்மா விழுந்தார். தோளில் காறை எலும்பு உடைந்தது. மூன்று மாதம் பட்டாணிதான் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டாள்.

இன்று அதே இறக்கத்தில், உச்சியிலிருந்து மூன்றாவது வளைவில், அத்தையோடு நின்றிருந்தாள். சாலையோரக் கல்சுவருக்குப் பின்னால்தான் நின்றார்கள். மழை பெய்து ஓய்ந்திருந்தது. பனிமூட்டம் வந்து, எதிரே இருந்த மரங்களை ஒவ்வொன்றாக விழுங்கியது.

"அத்தை, எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் என்னவாம்? உங்கம்மா வரும்போது நான் கண்ணை மூடிக்குவேன். போனதும் சொல்லு."

வளைவில் மஞ்சள் கொடியோடு ஒருவர் காவல் நின்றார். அவருடைய வாக்கி டாக்கி கரகரத்தது. "முதல் ஆள் உச்சியைத் தாண்டியாச்சு. பல்லிதான். தனியா வருது."

பட்டாணி சுவர்மேல் எக்கி மேலே பார்த்தாள்.

பந்தயத்துக்கு முன்னால் போகும் மோட்டார் சைக்கிள் அவர்களைக் கடந்து போனது. அடுத்த நிமிடம் மேட்டிலிருந்து சரசரவென்று ஒரு சத்தம். மழைத்தண்ணீரோடு மண்ணும் ஜல்லியும் சரிந்து, வளைவின் குறுக்கே பரவின.

"ஐயையோ!" என்றார் கொடிக்காரர். வாக்கி டாக்கியை உதறினார், தட்டினார். அது வாயே திறக்கவில்லை. ஓரத்தில் கிடந்த துடைப்பத்தை எடுத்துப் பெருக்கினார். பெருக்கப் பெருக்க ஜல்லி வந்துகொண்டே இருந்தது.

பட்டாணி ஜல்லியையும் மேலே பனியையும் மாறி மாறிப் பார்த்தாள். பனிமூட்டத்தில் இங்கே நின்று கொடி ஆட்டினால், கிட்ட வந்த பிறகுதான் தெரியும். ஈரச் சாலையில் அதற்கப்புறம் பிரேக் பிடித்தால் வழுக்கும். மேலேயே சொல்ல வேண்டும்.

"மாமா! உங்க விசிலைக் குடுங்க. நான் மேல போய் ஊதறேன்."

"ரோட்டுல இறங்கக் கூடாது, தெரியுமா?"

"இறங்க மாட்டேன். சுவருக்குப் பின்னாடியே போறேன்."

அவர் விசிலைக் கழற்றி வீசினார். பட்டாணி அத்தையின் சிவப்புக் குடையைப் பிடுங்கிக்கொண்டு, சுவரை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் மேலே ஓடினாள். "ஏய், என்னையும் கூட்டிட்டுப் போடி!" என்று அத்தை பின்னால் இரைத்துக்கொண்டு வந்தார்.

நூறு அடி போயிருப்பாள். சக்கரங்களின் 'உய்ய்' என்ற சத்தம் கேட்டது. பட்டாணி குடையை விரித்து ஆட்டினாள். கன்னம் வலிக்க ஊதினாள்.

"கல்லு! கல்லு! மெதுவா!"

பனிக்குள்ளிருந்து அம்மா வந்தார். குனிந்த தலை, வெளுத்த முகம். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் பிரேக் கிறீச்சிட்டது. அப்படியே மீண்டும் பனிக்குள் மறைந்துவிட்டார்.

பட்டாணி மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினாள். விழுந்த சத்தம் கேட்குமோ? ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததும் பயமாகத்தான் இருந்தது.

"வா, கீழ போய்ப் பாத்துட்டு வந்துடலாம்," என்றார் அத்தை.

ஓடத்தான் பட்டாணிக்கும் ஆசை. அதற்குள் மேலே மறுபடி சக்கரச் சத்தம். "இன்னும் ஆளு வராங்க அத்தை."

"அது அந்த நெட்டைப் பொண்ணா இருக்கும். உங்கம்மாவை முந்தறதுக்குன்னே வருவாளே!"

"அவங்களும் விழக் கூடாதுல்ல?" என்று சொல்லிவிட்டுப் பட்டாணி மீண்டும் ஊதினாள்.

நெட்டையானவர் போனார். பிறகு நான்கு பேர், பிறகு ஒரு பெரிய கூட்டம். அத்தை எண்ணிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு கூட்டம் மறையும்போதும் பட்டாணி காதைத் தீட்டினாள். உதடு மரத்துப்போனது. அம்மா என்ன ஆனார் என்று மட்டும் தெரியவில்லை.

கடைசியாக வந்த தொண்ணூற்றாறாவது ஆள் சைக்கிளை நிறுத்தியேவிட்டாள். சின்னப் பெண்.

"என்னால இறங்க முடியாது," என்று அழுதாள்.

"எனக்கும் ரொம்பப் பயமா இருக்குக்கா. அந்த வளைவு மட்டும்தான் மோசம். தள்ளிக்கிட்டே போய்த் தாண்டிடுங்க. நான் சுவருக்கு இந்தப் பக்கம் கூடவே வரேன்."

இருவரும் நடந்தார்கள். ஜல்லியைத் தாண்டியதும் அந்தப் பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினாள்.

பந்தயத்தின் கடைசி வண்டி வந்து நின்றது. பட்டாணி ஓட்டுநரிடம் ஓடினாள். "பல்லி... பல்லி என்ன ஆச்சு?"

"ரெண்டாவது வந்தாச்சே! நெட்டை கடைசியில முந்திட்டா. ஒருத்தர்கூட விழலையாம், அதிசயம்தான்!"

பட்டாணி அங்கேயே சுவர்மேல் உட்கார்ந்து அழுதாள். அத்தையும் சேர்ந்து அழுதார்.

அவர்கள் பந்தயம் முடியும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மா போர்வையைச் சுற்றிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். "மேல யாரோ கத்தினாங்களே, நீயா?"

பட்டாணி தலையாட்டினாள். அம்மா அவளைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். "அந்த எடத்துல எனக்குக் கையே ஓடலைடா. விசில் சத்தம் கேட்டுத்தான் பிரேக்கைப் பிடிச்சேன்."

நெட்டையானவர் குனிந்து பட்டாணியின் முகத்தைப் பார்த்தார். "நாளைக்குப் பந்தயம் வேற மலையில. எந்த வளைவுல நிப்பே? சொல்லிடு. எங்களுக்கும் கொஞ்சம் தைரியமா இருக்கும்."

சாப்பிட்டு முடித்ததும் பட்டாணி நாளைய மலையின் வரைபடத்தை மேஜையில் விரித்தாள். மோசமான வளைவைத் தேடி அவள் விரல் மேலே மேலே போனது.

"கொஞ்சம் கீழயே பாருடி," என்றார் அத்தை, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே. "கார் போற எடமா!"