சாய்ந்து உறைந்த பனி

திங்கட்கிழமை காலை. உருக்கிப் பார்த்த மூன்று குழாயிலும் செல்கள் செத்துக் கிடந்தன.

டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தாள். துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். செத்தது செத்ததுதான்.

ஒரு ஜீன் எப்போது விழிக்கிறது? அதை எழுப்புவது யார், அமர்த்துவது யார்? இந்த ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டித் தலை நரைத்தவள் அவள். லேப்பில் அவளுக்கு சுவிச்சம்மா என்றே பெயர். ஜீன் விழித்தால் பச்சையாக ஒளிரும் செல்களை உண்டாக்கி வைத்திருந்தாள். மகள் பள்ளிக்கூடம் போகும்போது தொடங்கிய வேலை. மகளுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது, வேலை ஆகவில்லை.

செல்களைத் திரவ நைட்ரஜன் தொட்டியில் உறைய வைத்திருக்க வேண்டும். நைட்ரஜன் வாங்க டைரக்டர் கையெழுத்துப் போட்டால்தானே! ஆகவே எல்லாம் பீரோ உயர டீப் ஃப்ரீசரில் இருந்தன. சக்கரம் வைத்த அந்தப் பூதம் லேப்பின் பாதியை அடைத்து நின்றது. அதைத் தாண்ட வேண்டுமென்றால் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நகர வேண்டும். இப்போதும் நல்ல குளிரோடு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உறுமிக்கொண்டிருந்தது.

நாலாவது குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே பனி ஒரு பக்கம் ஏறி, மறு பக்கம் இறங்கி, சாய்வாக உறைந்திருந்தது. பெட்டிக்குள் குழாய்கள் நேராகத்தான் நின்றன.

டைரக்டருக்குப் போன் போட்டாள்.

"சார், எல்லாம் ஒரு தடவை உருகி, திரும்ப உறைஞ்சிருக்கு."

"அந்தக் கூட்டுற பொம்பள வேலைதான். தரை துடைக்கப் பிளக்கைப் பிடுங்கியிருப்பா. இன்னைக்கே அவளை வீட்டுக்கு அனுப்பிடறேன்."

"விசாரிக்க வேணாமா?"

"என்னத்த விசாரிக்க? அத விடுங்க, நேத்து வந்த விருந்தாளிங்க உங்க லேப்ப எப்படிப் புகழ்ந்தாங்க தெரியுமா? எவ்வளவு விசாலம்னு வாய் ஓயல!"

பாராட்டைக் கேட்கும் மனநிலையில் அவள் இல்லை. போனை வைத்தாள்.

கூட்டும் அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். சேதி அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது.

"அக்கா, பிளக்கைத் தொட்டீங்களா?"

"நான் தொடுவேனா? ஒரு தடவை அந்தக் கதவுல சாஞ்சதுக்கே நீங்க ஆடின ஆட்டம் மறக்குமா?"

"சனிக்கிழமை துடைச்சீங்கல்ல?"

"எங்க துடைக்க விட்டாரு? விருந்தாளி வராங்க, நீ போன்னு டைரக்டர் ஐயா சாவியை வாங்கிக்கிட்டாரு. டாக்டரம்மா, மகன் வேலையில்லாம வீட்ல கிடக்கான். எங்க அடுப்பு எரியறது இந்தச் சம்பளத்துலதான்."

உலர் பனிக்கட்டி போட்ட டப்பாவில் குழாயை வைத்துக்கொண்டு டாக்டரம்மா புறப்பட்டாள். டைரக்டர் அறைக்குச் சரிவுப் பாதையில் ஏற வேண்டும். அந்தக் கட்டடத்தில் சரிவென்று இருப்பது அது ஒன்றுதான். முழங்கால் வலியில் பாதியில் நின்று, சுவரோரம் இருந்த குளிர்நீர் மெஷினைத் திறந்தாள். தண்ணீர் வெதுவெதுத்தது. மெஷினின் வயர் சுவரில் சொருகப்படாமல் தொங்கியது.

"சே! இங்க எதுதான் ஒழுங்கா இருக்கு?" என்றவள் அப்படியே நின்றாள்.

தொங்கும் வயரைப் பார்த்தாள். காலடிச் சரிவைப் பார்த்தாள். பிறகு முழங்காலைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"சார், ஃப்ரீசரை வெளியே தள்ளினது நீங்க."

டைரக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "என்னம்மா உளர்றீங்க?"

"அக்கா பிளக்கை மட்டும் பிடுங்கியிருந்தா, உருகினது நின்ன இடத்துலயே மட்டமா உறைஞ்சிருக்கும். இதைப் பாருங்க, சாஞ்சிருக்கு. உறையும்போது ஃப்ரீசரே சாஞ்சு நின்னிருக்கு. உங்க வாசல் சரிவுல!"

"ஒரு குழாயை வச்சுக்கிட்டு..." அவர் அதை வாங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"நல்லா உருகட்டும் சார். லேப்ல பெட்டி பெட்டியா இருக்கு. எல்லாம் ஒரே பக்கமாத்தான் சாஞ்சிருக்கு. தண்ணி மெஷின் வயரைக் கழட்டி அங்கதான் ஃப்ரீசரைச் சொருகினீங்க. திரும்ப மாட்ட மறந்துட்டீங்க."

"நான் ஏம்மா அதைத் தள்ளணும்?"

"விசாலம்னு சொன்னீங்களே! அந்தப் பூதம் உள்ள நிக்கறப்ப என் லேப்பை விசாலம்னு எவன் சொல்லுவான்? அங்கதான் நான் கோட்டை விட்டேன்."

டைரக்டரின் விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தது.

"தள்ளினவனுங்க சொருகாம விட்டுட்டானுங்க. நேத்து சாயங்காலம்தான் பாத்தேன். உடனே சொருகிட்டேன், விடிகாலையில உள்ள தள்ளிட்டேன். சரியாப் போயிடும்னு நினைச்சேன்."

"பழியை மட்டும் அக்கா தலையில தள்ளினீங்க."

"நைட்ரஜனுக்கு இப்பவே கையெழுத்துப் போடறேன்."

"என் செல்லெல்லாம் செத்தப்புறமா? முதல்ல அக்காவைக் கூப்பிட்டு, தப்பு உங்களுதுன்னு உங்க வாயால சொல்லுங்க."

அக்கா வந்தாள். டைரக்டர் மேஜையைப் பார்த்தபடி சொல்லி முடித்தார். அவள் இடுப்பில் கை வைத்தாள்.

"தள்ளினதுதான் தள்ளினீங்க, துடைச்சிட்டாவது போயிருக்கலாம் ஐயா. காலையில உங்க வாசல் தண்ணியில வழுக்கி, விழுந்து வச்சிருப்பேன்."

டாக்டரம்மா திரும்பினாள். "தண்ணி கிடந்துச்சா? இத ஏன் அப்பவே சொல்லல?"

"நீங்க பிளக்கைப் பத்தித்தானே கேட்டீங்க?"

டாக்டரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பிக்க லேப்புக்கு நடந்தாள்.