அடிக்கோடு போட்ட பெயர்

செவ்வாயின் செம்புலம் நகரில் பல் துலக்கியதும் எல்லாரும் செய்யும் முதல் வேலை, தலைக்குள் காத்து நிற்பவர்களிடம் பேசி அனுப்புவது. இரவில் கூப்பிட்டவர்கள் அத்தனை பேரும் காதுக்குப் பின்னால் பதித்த பேசுசில்லில் வரிசையாக நிற்பார்கள். மருதவாணனின் வரிசையில் மட்டும் அக்கா செந்தாமரையைக் காணோம். கல்யாணமாகித் தென்பள்ளத்துச் சுரங்கத்துக்குப் போனவள், ஒரு வருடமாகக் கூப்பிடவில்லை. கல்யாணத்துக்குத் தான் போகாத கோபம் என்று நினைத்துக்கொண்டான். தானாகக் கூப்பிட அவனுக்கும் ரோஷம்.

அன்று, பேசுசில்லுகளைப் பராமரிக்கும் அவன் அலுவலகத்தில் உதவியாளர் சகாயமேரி ஒரு புகாரோடு வந்தாள்.

"தென்பள்ளத்துலேர்ந்து யாரைக் கூப்பிட்டாலும் போய்ச் சேரலையாம் சார். பாவம், அதைச் சொல்லவே சரக்கு வண்டியில ஆள் வந்திருக்கு. பெயரகம் எண்ணைச் சரியாத்தான் குடுக்குது. நம்ம சில்லோட இயக்குதளம்தான் அதை வாங்கித் தூரப் போடுது."

பெயரைக் கொடுத்தால் அதற்குரிய எண்ணைத் தேடித் தருவது பெயரகம்; கூப்பிடுகிறவர் யார் என்று அதைக் கேட்டுத்தான் சில்லு அழைப்பை உள்ளே விடும். பெயரில் எழுத்து, எண், இடைக்கோடு தவிர வேறு எது இருந்தாலும் அப்படி ஓர் ஆளே இல்லை என்று தள்ளிவிடும் சோதனையை இயக்குதளத்தில் எழுதி வைத்தவன் சாட்சாத் மருதவாணன்தான். சுரங்க அலுவலகமோ தன் ஆட்களுக்கெல்லாம் அடிக்கோடு போட்டுப் பெயர் கொடுத்திருந்தது. செந்தாமரை_தென்பள்ளம்.

அக்கா எத்தனை தடவை கூப்பிட்டாளோ, பாவி நானல்லவா கதவைச் சாத்தினேன் என்று மருகினான். சாயங்காலத்துக்குள் சோதனையைத் தளர்த்தி எல்லார் சில்லுக்கும் அனுப்பினான்.

மறுநாள் பல் துலக்கும்போது அக்கா வந்து நின்றாள்.

"மருது, கேக்குதா?"

"நல்லாக் கேக்குதுக்கா. எல்லாம் என் தப்புதான். மன்னிச்சுடு. உனக்கு என்ன வேணும்னாலும் கேளு, செய்யறேன்."

"அதை விடுடா. நெஞ்செல்லாம் சுரங்கத் தூசி. ஆறு மாசமாவது நகரத்துக் காத்துல இருக்கணும்னு டாக்டர் சொல்றார். எனக்கு அங்க வேற யாரு இருக்கா? உன் வீட்டுல தங்கிக்கட்டுமா?"

மருதவாணன் வீட்டைப் பார்த்தான். ஒரே அறை. அதிலும் பாதியை மனைவியின் கீரைத் தொட்டிகள் அடைத்திருந்தன. ஆறு மாதம்.

செம்புலம் தோன்றிய நாளிலிருந்து பேசுசில்லில் ஒலி விட்டுப்போனதே கிடையாது. அது இருவருக்கும் தெரியும். ஆனாலும், பூமியில் கைப்பேசியோடு அலைந்த முப்பாட்டன்மார் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம் அவன் வாயில் தானாக வந்தது.

"அக்கா... ஹலோ... விட்டு விட்டுக் கேக்குது. அப்புறம் கூப்பிடறேன்."



"சரிடா. கேக்கும்போது கூப்பிடு."

அவள் இருமியதுகூடத் தெளிவாகக் கேட்டது.