வெற்றறையின் சுருதி

யாரும் பேசவில்லை. ஆனாலும் திரையில் சுருதிக்கோடு அசைந்தது.

கியாசுதீன் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான். மைக் நின்ற சிற்றறை காலியாகத்தான் இருந்தது. படூரில் வீட்டுப் பின்னறையைத் தடுத்து, சுவரெல்லாம் பஞ்சும் கோணியும் அடித்து அவன் கட்டிய ஸ்டுடியோ அது. வெளியே கார்த்திகை மழை கொட்டித் தீர்த்தாலும் உள்ளே ஒரு பொட்டுச் சத்தம் நுழையாது. ஈரக் கோணியின் வாடையும், கேளம்பாக்கத்து உப்பளப் பக்கமிருந்து வரும் உவர்க்காற்றும் மட்டும் எந்த இடுக்கு வழியாகவோ வந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ளும்.

கையில் இருந்தது நண்பன் விஷாலின் வேலை. அவனுடைய தண்ணீர் கேன் வண்டியில் ஓடவிட ஒரு விளம்பரம். "கொழந்த மாதிரியும் இருக்கணும் மச்சான், மெஷினு மாதிரியும் இருக்கணும். தெருவே திரும்பிப் பாக்கணும்," என்று சொல்லியிருந்தான்.

குழந்தைக் குரலுக்கு மகள் ஜன்னா இருந்தாள். ஐந்து வயது முடியும்வரை ஒரு வார்த்தை பேசாத பிள்ளை. ஆஸ்பத்திரி, தர்கா என்று அவர்கள் ஏறி இறங்காத படியில்லை. போன நோன்பில்தான் திடீரென்று ஒருநாள் 'வாப்பா' என்றாள். அன்று திறந்த வாய் இன்னும் மூடவில்லை. அவள் தூக்கத்தில் உளறினால்கூடக் கியாசுதீன் எழுந்து உட்கார்ந்து கேட்பான்.

"பேச வந்ததே பெரிசு. அத்தப் போயி மெஷின்ல போட்டு அரைக்கிறீங்களே," என்றாள் அவன் மனைவி உம்மு சல்மா, காலையில்.

"அரைக்கிறதுக்கு இது இன்னா மிக்சியா? நீ போயி இட்லியப் பாரு."

அரைப்பதில்லைதான். ஆசிலேட்டர் என்ற ஒலியெழுப்பி, வாயில்லாத தொண்டை. ஒரே சுருதியில் ரீங்கரித்துக்கொண்டே கிடக்கும். அதற்குச் சொல் தெரியாது. வோகோடர் என்னும் கருவி ஒரு மனிதப் பேச்சை எடுத்து அந்த ரீங்காரத்துக்கு வாயாக வைக்கும். மனிதன் நிறுத்தினால் அதுவும் அடங்கிப்போகும். அடங்கத்தான் வேண்டும்.

ஒலிப்பதிவுக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பேசியவர் எழுந்துபோன பிறகும் மைக்கை அணைக்காமல், காலி அறையின் மௌனத்தைக் கொஞ்சம் பதிந்து வைப்பார்கள். இருமலை வெட்டிய இடத்தில் அந்த மௌனத்தை ஒட்டுப் போட்டால் தையல் தெரியாது. இன்று கைதவறி, மகளின் பேச்சுக்குப் பதிலாக அந்த மௌனத்தை வோகோடருக்குக் கொடுத்திருந்தான் கியாசுதீன். அதுதான் சுருதிக்கோட்டை அசைத்தது.

ஸ்பீக்கரில், வாயைப் பொத்திக்கொண்டு இருட்டில் யாரோ சுவரைத் தடவுவதுபோல ஒரு முனகல், மேலும் கீழுமாக, நிற்க இடம் தேடிக்கொண்டிருந்தது. வேறு ஆளாயிருந்தால் அப்போதே அழித்திருப்பான். இவனுக்குத் தொழில் புத்தி. கோணலாகக் கேட்டதை நேராக்காமல் விரல் சும்மா இருக்காது. சுருதி திருத்தும் குமிழைக் கடைசிவரை திருப்பினான். தத்தளித்த ஓசை சட்டென்று ஒரு சுரத்தில் கால் ஊன்றி நின்றது.

"வாப்பா."

மகள் பேசியதன் வால்நுனி ஒட்டிக்கொண்டிருக்கும் என்று பதிவை உருப்பெருக்கிப் பார்த்தான். மௌனம்தான். மறுபடி ஓடவிட்டான்.

"தண்ணி."

பின்னால் கதவு திறந்தது. ஜன்னா நின்றிருந்தாள். மேசைமேல் இருந்த கூஜாவைக் கைகாட்டினாள்.

"இன்னாம்மா வோணும்? வாயில இன்னா கொழுக்கட்டையா? தண்ணின்னு கேளு, தரேன்."

அவள் உதடு சரியாகத்தான் அசைந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றாள். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் முட்டியது.

"பாலு," என்றது ஸ்பீக்கர். "காக்கா. உம்மா."

ஜன்னா பேசக் கற்றுக்கொண்ட வரிசை அது. அதே வரிசை.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினான். நிற்கவில்லை. மௌனத்தைத் திரையிலிருந்தே அழித்தான். கோடு அசைந்துகொண்டே இருந்தது. "பிஸ்கட்டு. செருப்பு. மய." ஒவ்வொரு சொல்லுக்கும் இயந்திரத்தின் தகர ஒலி கொஞ்சம் கழன்றது, குரல் கொஞ்சம் சதை பிடித்தது. மழையை 'மய' என்று சொல்லும் அந்த மழலைகூட வந்துவிட்டது.

"ஜன்னா, எதுனா பேசு கண்ணு. வாப்பான்னு சொல்லு. ஒரு தபா சொல்லு."

அவள் அவன் சட்டையைப் பற்றிக்கொண்டாள். வாய் திறந்து மூடியது. மீன் மாதிரி.

ஆசிலேட்டரின் குமிழைப் பிடித்துப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பினான்.

அமைதி.

மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். முதுகைத் தடவினான். "ஒண்ணுமில்ல. போயிருச்சு. ஒண்ணுமில்ல."

ரீங்காரம்.

மெலிதாக. ஒரே சுருதியில்.

ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினான். நிற்கவில்லை. மின்சாரத்தையே அணைத்தான். திரை இருண்டது. விசிறி நின்றது. ரீங்காரம் நிற்கவில்லை.

அது அவன் உள்ளங்கைக்குக் கீழே இருந்தது.

ஜன்னாவின் வாய் பாதி திறந்திருந்தது. உதடு அசையவில்லை. நாக்கு அசையவில்லை. இமை அசையவில்லை. அந்த ஒற்றைச் சுரம் மட்டும் தொண்டையிலிருந்து வந்துகொண்டே இருந்தது. அவள் மூச்சு எடுக்கட்டும் என்று காத்திருந்தான். எடுக்கவில்லை. காத்திருந்தான். எடுக்கவில்லை.

சல்மாவைக் கூப்பிட வாயைத் திறந்தான்.

திறந்திருந்த கதவு வழியாக, சமையலறையிலிருந்து, தெளிவாக, தேன் மாதிரி, ஒரு குழந்தைக் குரல் கேட்டது.

"உம்மா, பசிக்கிது."

"அதுக்குள்ளயா? வாயாடி," என்று சிரித்தாள் உம்மு சல்மா. கிண்ணத்தில் கரண்டி தட்டும் ஓசை. "இப்டி வந்து மடியில குந்து. நல்லா பெருசா வாயத் தொற. ஊட்டி வுடறேன்."