மாற்று ஆள்

ஏரி நிரம்பி மூன்று நாளாகியும் கரையின் அடிவாரத்தில் ஒரு சொட்டுக் கசிவில்லை. காவல்காரன் குமரவேலுக்கு அதுதான் சரியாகப் படவில்லை. நூறு வயதான மண்கரை. மறுபக்கம் அத்தனை தண்ணீர் நின்றால் கொஞ்சமாவது வேர்க்கத்தானே வேண்டும்? இன்ஜினியருக்கென்ன, “சூப்பரா நிக்குது” என்று நாலு போட்டோ எடுத்துக்கொண்டு தாம்பரம் திரும்பிவிட்டார்.

போன வருஷ ஐப்பசியில் இதே இடத்தில்தான் ஓட்டை விழுந்தது. அன்று காவலில் இருந்த தனசிங் மணல் மூட்டையோடு ஏரிக்குள் இறங்கினான். ஓட்டை அடைபட்டது. அவன் மேலே வரவில்லை; உடலும் கிடைக்கவில்லை. ஆறு மணிக்கு அவனை மாற்றிவிட வேண்டியவன் குமரவேல். மழைக்குச் சோம்பி, குரோம்பேட்டை டீக்கடையில் ஒதுங்கியிருந்துவிட்டு எட்டு மணிக்குத்தான் வந்தான். யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அன்றோடு அழுகை, பசி, பயம் எல்லாமே அவனுக்கு மரத்துப்போயின.

“மாத்த ஆளு வராம கரைய வுட்டு எறங்கக் கூடாது மச்சான்.” தனசிங் அடிக்கடி சொல்வான்.

ஏரி அலைந்து அலைந்து கல்லில் மோதும் சத்தமும், கீழே தெருவில் ஜனங்கள் பீரோவை இழுக்கும் சத்தமும், தூரத்து ஜி.எஸ்.டி. ரோட்டின் இரைச்சலும் மழையோடு கலந்து கம்பளி போலக் காதை அடைத்திருந்தன. போன் அடித்தது. மனைவி அம்மணி. வீடு கரையின் காலடியிலேயே.

“இன்னாங்க, பக்கத்து வூட்ல கெளம்பிகினு கீறாங்க. புள்ளைக்கு வேற ஜொரம். கரை தாங்குமா?”

“தாங்கும். அங்கியே இரு.”

போனை வைத்தபோது கால் நனைந்தது. புல்லுக்கடியிலிருந்து தண்ணீர். வழக்கம்போல் கண்ணாடி பாட்டிலில் பிடித்து டார்ச் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். தெளிவாக வந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் உள்ளே மண் போகிறது.

கலங்கியிருந்தது. வெதுவெதுப்பாகவும் இருந்தது. கூடவே மூக்குப்பொடி நெடி. தனசிங் போடும் பொடி.

மணி பார்த்தான். ஆறு.

மூட்டை எடுக்க ஓட வேண்டும். திரும்புவதற்குள் கசிவு பெருகியது. ஒரு விரல் அகலம். ஒரு கை அகலம்.

பிறகு விரல்களே வந்தன. வெளுத்து, தோல் ஊறி, நகக்கண்ணில் ஏரி மண்ணோடு. ஒரு வருஷம் விடாமல் பிடித்துக் களைத்த கை. அது அவனை இழுக்கவில்லை. உள்ளங்கையை விரித்துக் காத்திருந்தது.

கீழே அவன் வீட்டில் விளக்கு எரிந்தது. புள்ளை இருமியது கேட்டது.

குமரவேல் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். கையைக் கொடுத்தான்.

தண்ணீர் நின்றது. தோள்வரை மண் இறுகியது. கழுத்துவரை. அவனைத் தாண்டி ஈரக் காலடிகள் மெதுவாகக் கரையை விட்டு இறங்கிப் போயின.

கீழே கதவு திறந்தது.

“இன்னாங்க, வந்துட்டீங்களா?” என்றாள் அம்மணி.