நாலாவது கொப்பி

இரண்டாவது கொப்பியில் றஸாக் காக்காவின் குரல் மங்கவில்லை.

ஜவுபர் முதலில் தன் காதைத்தான் சந்தேகித்தான். ஒரு கசட்டிலிருந்து இன்னொன்றுக்கு இறக்க இறக்கப் பழைய குரல் பின்னுக்குப் போகும், இரைச்சல் முன்னுக்கு வரும் என்று றேடியோ திருத்தும் நல்லரெத்தினம் எச்சரித்திருந்தார். "கூடக் கொப்பி எடுக்காத தம்பி. இருக்கிற குரலும் இல்லாமப் போயிரும்." இருந்ததோ ஒரே ஒரு கசட். ஒரு பெருநாளன்று முற்றத்தில் பதிந்தது. ஜவுபரின் கூடப்பிறந்த மூத்தவர் றஸாக் காக்கா எட்டத்தில் நின்று பாடியிருந்தார். அந்த வருடமே, எழுபத்தெட்டுச் சூறாவளி அவரைத் தோணியோடு கொண்டுபோனது. மையித்துக்கூடக் கரை சேரவில்லை.

அன்று கடலுக்குப் போகும் முறை ஜவுபருடையது. தலையிடி என்று பொய் சொல்லிப் படுத்துக்கொண்டான்; காக்கா போனார். நாலு வருடமாக அதைப் பெண்சாதி மைமூனாவிடம்கூட அவன் சொல்லவில்லை. காக்காவின் பாட்டோடு தன் குரலையும் சேர்த்து, இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடுவதுபோல் ஒரு கசட் செய்துவிட்டால் நெஞ்சு கொஞ்சம் ஆறும் என்று நினைத்தான் பாவி.

மச்சான் சவூதியிலிருந்து கொண்டுவந்த கசட் செட்டில் இரண்டு குமிழ்கள் இருந்தன. ஒன்று பழைய கசட்டின் குரலைக் கூட்டிக் குறைக்கும், மற்றது மைக்கின் குரலை. சத்தம் ஏற ஏற ஒரு சின்ன ஊசி துள்ளும். யன்னலை மெத்தையால் அடைத்து, சுவரெல்லாம் சாக்குத் தொங்கவிட்டு, "தலையிடி, ஒருத்தரையும் கதவத் தட்ட விடாத" என்று மைமூனாவிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தான். ளுஹர் தொழுகை முடிந்த வெயில் நேரம். சாக்குத் தூசியின் நெடியும் சூடேறிய செட்டின் வாடையும் அடுக்களையில் வதங்கும் வெங்காய மணமும் காற்றில்லாத அந்த அறைக்குள் ஒன்றாய்ப் புழுங்கிக்கொண்டிருந்தன.

மூன்றாவது கொப்பிக்குக் காக்காவின் குமிழைப் பாதியாகக் குறைத்தான். ஹெட்போனில் போட்டுக் கேட்டபோது அவர் குரல் இன்னும் கிட்ட வந்திருந்தது. அடிக்கு அடி மூச்சிழுப்பது கேட்டது. மூச்சுக்கு நடுவே எதிலிருந்தோ தண்ணீர் சொட்டியது. மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துப் பாடிய அவனுடைய குரலோ முற்றத்தின் கடைசியிலிருந்து வருவதுபோல் மெலிந்து, காற்றிலும் அலையிலும் அடிபட்டுக் கிடந்தது.

வயர் மாறியிருக்கும் என்று கழற்றிப் பூட்டினான். அப்போதே எழுந்து போயிருக்கலாம். ஆனால் காக்காவை அவ்வளவு கிட்டக் கேட்டு எத்தனை காலம். ஆசை விடவில்லை.

நாலாவது கொப்பி. காக்காவின் குமிழை முழுதாக மூடினான். மைக்கை மட்டும் திறந்தான். பாடினான்.

ஊசி அசையவில்லை.

உரத்துப் பாடினான். அசையவில்லை. மூச்செடுக்க நிறுத்தினான். ஊசி துள்ளியது.

அறையில் வெங்காய மணம் இல்லை. கடற்பாசி வாடை. பாதத்தின் கீழ் ஈரம். ஹெட்போனுக்குள், காது மடலைத் தொடுமளவு கிட்ட, அந்தக் குரல் சொன்னது.

"தம்பி, இனி நீ போ."

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டான். "மைமூனா" என்று கத்தினான். வாய்க்குள் தண்ணீர் புகுந்தது. உப்புக் கரித்தது. மறுபடியும் கத்தினான். ஊசி கிடந்தபடியே கிடந்தது.

கதவு திறந்தது. மைமூனா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தாள். சுவரோடு நின்றவனை அவள் பார்க்கவில்லை. நேரே அவன் உட்கார்ந்திருந்த கதிரைக்குப் போனாள்.

"தலையிடி எப்பிடி இருக்கு?"

"இப்ப இல்ல." கதிரையிலிருந்து பதில் வந்தது.

"இதென்ன, தலையெல்லாம் நனைஞ்சிருக்கு?"

அவள் முந்தானையால் துடைத்துவிட்டாள். கதிரையில் இருந்தவரின் முகம் ஜவுபருக்குத் தெரியவில்லை. கோப்பையை வாங்கிய கை மட்டும் தெரிந்தது. ஊறி வெளுத்துத் தோல் கழன்ற கை. மூன்று விரலில் நகமில்லை. அந்தக் கையை அவள் ஆசையோடு பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி ஜவுபர் அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தான். மைக் திறந்துதான் இருந்தது. அவள் சிரித்தபோது ஊசி துள்ளியது.